எந்த நாட்டுச் சட்டம்? நம் பிள்ளைகள் படிக்க வேண்டிய ஒரு பாடம்

(நமது டிரஸ்டின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



 



விண்ணப்பப் படிவத்தில் "என்ன படிக்க விருப்பம்?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இன்ஜினியரிங், நர்சிங், பி.காம்., கம்ப்யூட்டர் என்று எழுதுகிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்ல படிப்புதான். ஆனால் சட்டம் என்று எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. சட்டத்திலும் ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதன் பெயர் பிரைவேட் இன்டர்நேஷனல் லா. தமிழில் தனியார் பன்னாட்டுச் சட்டம் என்பார்கள். பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் சபுராளி இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பாடத்தின் கேள்வி ஒன்று பதில் தெரியாமல் கிடக்கிறது.

டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிற கேள்விகளைப் பாருங்கள். "மாப்பிள்ளை துபாயில் கோர்ட்டில் தலாக் வாங்கிவிட்டாராம், பேப்பர் வந்திருக்கிறது, இது இங்கே செல்லுமா?" "வாப்பா சிங்கப்பூரில் வஃபாத் ஆகிவிட்டார்கள், அங்கே பேங்கில் பணம் இருக்கிறது. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை வைத்து எடுக்கலாமா?" "மகன் அங்கே லோன் வாங்கிவிட்டு வேலை போய் ஊருக்கு வந்துவிட்டான். அந்த வழக்கு இங்கே வருமா?" கேட்பவர்கள் எல்லாம் ஆலிமிடமும் போய் வந்தவர்கள், ஊர் வக்கீலிடமும் போய் வந்தவர்கள். ஆலிம் மார்க்கச் சட்டத்தைச் சரியாகச் சொல்லியிருப்பார். வக்கீல் இந்தியச் சட்டத்தைச் சரியாகச் சொல்லியிருப்பார். இரண்டு நாடுகளின் சட்டம் ஒரே குடும்பத்தின் மேல் வந்து விழும்போது எதை எங்கே பொருத்துவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதைச் சொல்லித்தரும் பாடம்தான் இது.

சர்வதேசச் சட்டம் என்றதும் ஐ.நா. சபை, போர், கடல் எல்லை என்று நினைப்போம். அது நாடுகளுக்கு இடையிலான சட்டம். நான் சொல்வது தனிமனிதர்களுக்கு உரியது. கல்யாணம், பிரிவு, பிள்ளை, சொத்து, கடன், வியாபார ஒப்பந்தம் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடு சம்பந்தப்படும்போது மூன்று கேள்விகள் எழும். ஒன்று, எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம்? இரண்டு, அந்த நீதிமன்றம் எந்த நாட்டின் சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்? மூன்று, ஒரு நாட்டில் சொன்ன தீர்ப்பு இன்னொரு நாட்டில் செல்லுமா? இந்தப் பாடம் முழுவதும் இந்த மூன்றுக்குள் அடக்கம்.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்து நமக்குக் கொடுத்த விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்களிலேயே பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் அதிகம், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபினர் அதிகம். இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்துகொள்கிறோம். வயது வந்த பெண்ணின் நிக்காஹ்வுக்கு வலி அவசியமா என்பதில் இரண்டு மத்ஹபுக்கும் வித்தியாசம் உண்டு. அப்போது "எந்த மத்ஹபின்படி பார்ப்பது?" என்று ஆலிமிடம் கேட்கிறோமே, அதே மாதிரிக் கேள்விதான் இதுவும். அங்கே இரண்டு மத்ஹப், இங்கே இரண்டு நாடு.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது அஷ்ஷைபானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 189இல் வஃபாத்தானவர்கள். ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டுக்குப் பாதுகாப்பு பெற்று வந்தால் அவருடைய சொத்து, கொடுக்கல் வாங்கல், வழக்கு ஆகியவற்றுக்கு என்ன சட்டம் என்பதை 'ஸியர்' என்ற தலைப்பில் விரிவாக எழுதிவைத்தார்கள். ஐரோப்பாவில் இந்தத் துறை தனி நூல்களாக வளர்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய வேலை அது. நம் காலத்தில் ஹைதராபாத்தில் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் (1908-2002) உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பிறகு ஜெர்மனி, பிரான்ஸ் பல்கலைக்கழகங்களிலும் படித்து, இஸ்லாமியச் சர்வதேசச் சட்டத்தை உலகுக்கு எடுத்துக்காட்டினார். மதரஸா கிதாபும் பல்கலைக்கழகப் படிப்பும் ஒருவரிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் சாட்சி.

மதரஸா மாணவர்கள் இந்தப் பாடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். பயணத் தொழுகைப் பாடத்தில் 'வதன் அஸ்லி', 'வதன் இகாமா' என்று படிப்போம். ஒன்று நிரந்தரமான சொந்த ஊர். மற்றது தங்கியிருக்கும் ஊர். எத்தனை நாள் தங்கினோம் என்பது மட்டுமல்ல, என்ன நிய்யத்தோடு தங்கினோம் என்பதும் அங்கே கணக்கு. சட்டக் கல்லூரியில் இதற்கு நெருக்கமான ஒன்றை 'டொமிசைல்' என்ற பெயரில் சொல்லிக்கொடுப்பார்கள். ஒருவர் 30 வருடம் குவைத்தில் வேலை பார்த்திருக்கலாம். வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்புவதே எண்ணம் என்றால் அவருடைய டொமிசைல் இந்தியாதான் என்று நம் நீதிமன்றங்கள் பார்க்கும். பாஸ்போர்ட்டும் விசாவும் ஆதாரங்களாக உதவலாம். ஆனால் அவை மட்டுமே முடிவு செய்வதில்லை. தொழுகைச் சட்டமும் டொமிசைல் சட்டமும் ஒன்றல்ல. ஆனால் அந்தப் பாடத்தை விளங்கிய பிள்ளைக்கு இந்தப் பாடம் சுலபமாகப் பிடிபடும்.

இனி நம் வீட்டு விஷயங்களுக்கு வருகிறேன். முதலில் வாரிசுரிமை.

ஒரு குடும்பத்தலைவர் வஃபாத்தாகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் ஒரு வீடு, துபாய் பேங்கில் பணம், சிங்கப்பூரில் கொஞ்சம் சேமிப்பு. பாகம் எவ்வளவு என்று ஆலிம் ஃபராயிழ் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்தக் கணக்கை ஒவ்வொரு இடத்திலும் யார் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது வேறு விஷயம். வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்து எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உட்பட்டது. இது பல நாடுகளில் ஏற்கப்பட்ட விதி. நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் நிலத்தைப் பற்றிய வழக்கை நிலம் இருக்கும் இடத்தில்தான் போட வேண்டும் என்கிறது. எனவே ஊர் வீட்டை வெளிநாட்டு நீதிமன்றம் பாகம் பிரிக்க முடியாது. இங்கே முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு 1937ஆம் வருட ஷரீஅத் சட்டப்படி நம் தனியார் சட்டமே பொருந்தும்.

துபாய் பேங்க் பணம் அப்படியல்ல. கணக்கு வைத்திருந்தவர் இறந்த செய்தி கிடைத்ததும் பேங்க் கணக்கை முடக்கும். அங்குள்ள நீதிமன்றம் வாரிசுகள் யார் என்று நிர்ணயித்துச் சான்று கொடுத்த பிறகுதான் பணம் வெளியே வரும். அந்த நீதிமன்றத்துக்கு நம் தாசில்தார் சான்றிதழ் ஒரு ஆதாரம்தான். அதுவும் முறைப்படி சான்றொப்பம் பெற்று, அரபியில் சட்டபூர்வமாக மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். சிங்கப்பூரில் முஸ்லிம்களுக்கு ஷரீஆ நீதிமன்றம் வாரிசுச் சான்று கொடுக்கும். ஆனால் அங்கே 1966ஆம் வருட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் பேசுவது சிங்கப்பூரை டொமிசைலாகக் கொண்ட முஸ்லிம்களைப் பற்றி. பார்த்தீர்களா, மறுபடியும் அந்த நிய்யத் கேள்விதான் வந்து நிற்கிறது. மலேசியாவில் ஃபராயிழ் சான்றை ஷரீஆ நீதிமன்றம் கொடுக்கும். சொத்தைக் கைமாற்றிக் கொடுப்பதற்கு வேறு அமைப்புகளிடம் போக வேண்டும். ஒரே மவுத், ஒரே ஃபராயிழ் கணக்கு, ஆனால் மூன்று கதவுகள். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியாமல் இத்தாவில் இருக்கும் ஒரு பெண் எத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது!

அடுத்து நிக்காஹ்வும் பிரிவும். வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே எப்போது செல்லும் என்பதை 1908ஆம் வருட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. பொதுவாகச் செல்லும், ஆறு நிலைகளில் செல்லாது. அதிகாரம் இல்லாத நீதிமன்றம் சொன்னது, வழக்கின் நியாயத்தைப் பார்த்துச் சொல்லாதது, பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தது அல்லது சர்வதேசச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது, இயற்கை நீதிக்கு எதிரானது, மோசடியால் பெற்றது, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கையை ஏற்றது. 1991இல் உச்ச நீதிமன்றம் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று கொடுத்த விவாகரத்தை ஏற்க மறுத்தது. எந்தத் திருமணச் சட்டத்தின் கீழ் கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் அனுமதிக்கும் நீதிமன்றமும், அனுமதிக்கும் காரணமும் இருக்க வேண்டும் என்றது. மறுதரப்பு தானாக முன்வந்து ஆஜராகி வழக்காடியிருந்தாலோ, சம்மதித்திருந்தாலோ நிலைமை மாறும் என்றும் சொன்னது. அது ஹிந்து தம்பதியர் வழக்கு. ஆனாலும் 13ஆம் பிரிவுக்கு அங்கே சொன்ன விளக்கம் நமக்கும் படிப்பினைதான்.

இதிலிருந்து தாய்மார்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு நீதிமன்றத்திலிருந்து பேப்பர் வந்தால் கிழித்துப் போடவும் கூடாது, விவரம் தெரியாமல் கையெழுத்துப் போடவும் கூடாது. ஆஜரானால் ஒரு விளைவு, ஆஜராகாமல் இருந்தால் வேறொரு விளைவு. தெரிந்தவரிடம் காட்டிய பிறகே எதுவும் செய்ய வேண்டும். ஒரே மூச்சில் முத்தலாக் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது இந்தியச் சட்டப்படி செல்லாது என்பதும், 2019ஆம் வருடச் சட்டப்படி 3 வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் வேதனையானது. தாயும் தகப்பனும் வெளிநாட்டில் பிரிந்து, ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறார். அங்குள்ள நீதிமன்றம் பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்கிறது. எல்லை கடந்து கொண்டு செல்லப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 1980இல் ஹேக் நகரில் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா அதில் சேரவில்லை. எனவே நம் நீதிமன்றங்கள் வெளிநாட்டு உத்தரவை ஒரு அம்சமாகப் பார்க்கும். ஆனால் பிள்ளையின் நலனே முதன்மை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பிள்ளையின் நலன் என்ன என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நிரூபித்துக் காட்ட வேண்டும். அதற்குப் படித்த வழக்கறிஞர் வேண்டும்.

மூன்றாவது கடன். ஐக்கிய அரபு அமீரகத்தை இந்திய அரசு 2020 ஜனவரியில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ் அறிவித்தது. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து போன்றவை முன்பே அந்தப் பட்டியலில் உள்ளவை. இதன் பொருள் என்ன? அமீரக நீதிமன்றம் பணம் கட்டச் சொல்லி டிகிரி கொடுத்தால், சான்றளித்த நகலை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, இந்த நீதிமன்றமே கொடுத்த டிகிரி போல நிறைவேற்றக் கேட்கலாம். புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை. நான் சொன்ன ஆறு ஆட்சேபணைகளை இங்கேயும் எழுப்பலாம். ஆனால் "நான் அங்கே ஆஜராகவில்லை" என்ற ஒரே காரணத்தால் தீர்ப்பு தானாகச் செல்லாமல் போய்விடாது. ஆதாரங்களைப் பார்த்து அந்த நீதிமன்றம் முடிவு செய்ததா என்று இங்கே பார்ப்பார்கள். "விமானம் ஏறிவிட்டால் லோன் முடிந்தது" என்று நம் இளைஞர்கள் சிலர் பேசிக்கொள்கிறார்கள். மார்க்கத்தில் கடன் என்பது அடியார்களின் ஹக்கு, ஊர் மாறினால் நீங்காது. சட்டத்திலும் இப்போது நீங்காது. இந்தப் பாடத்தைப் படிக்கச் சொல்வது கடனிலிருந்து தப்பிக்க வழி தேடுவதற்காக அல்ல. நியாயமான தொகை எது, ஏமாற்றிக் கூட்டிய தொகை எது என்று பிரித்துப் பேசி, முறையாகத் தீர்ப்பதற்காக.

இந்தத் துறையில் நாடுகளை ஒன்றுசேர்க்கும் அமைப்பு நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கிறது. டோபியாஸ் ஆசர் என்ற சட்ட அறிஞர் முயற்சியால் 1893இல் அங்கே முதல் மாநாடு கூடியது. அந்தப் பணிக்காக 1911இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்தியா 2008இல் அந்த அமைப்பின் உறுப்பினரானது. நீங்கள் பாஸ்போர்ட் வேலைக்கு அலையும்போது கேள்விப்படுகிற 'அபோஸ்டில்' என்ற முத்திரை அங்கே உருவான உடன்படிக்கையின் பலன்தான். இந்தியாவில் அது 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஓமன், பஹ்ரைன், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகியவையும் அதில் இருப்பதால் நம் நிக்காஹ் சான்று, பிறப்புச் சான்று போன்றவற்றுக்கு அந்த நாடுகளில் அபோஸ்டில் போதும். சேராத நாடுகளுக்குத் தூதரக அட்டெஸ்டேஷன் வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

சரி, படிப்பது எப்படி? மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடத்துக்கு என்று தனிப் பட்டப்படிப்பில் நேராகச் சேர முடியாது. முதலில் சட்டம் படிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 5 வருடப் படிப்பு. டிகிரி முடித்தவர்களுக்கு 3 வருடப் படிப்பு. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் பல அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் குறைவு, பி.சி. முஸ்லிம் 3.5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குக் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டெல்லி ஜாமிஆ மில்லியா, அலிகர் ஆகியவற்றிலும் சட்டத்துறை இருக்கிறது. பல இடங்களில் பிரைவேட் இன்டர்நேஷனல் லா விருப்பப் பாடமாகத்தான் இருக்கும். கஷ்டம் என்று சொல்லிப் பலர் விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். பிறகு எல்.எல்.எம். படிப்பில் அதை ஆழமாக எடுக்கலாம். ஹேக் சர்வதேசச் சட்ட அகாடமி கோடைக்காலத்தில் மூன்று வார வகுப்பு நடத்துகிறது, உதவித்தொகையும் தருகிறது.

மதரஸா மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆலிம் ஸனதை மட்டும் வைத்துச் சட்டக் கல்லூரியில் சேர முடியாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆகியவற்றை முறையாக முடித்திருக்க வேண்டும். அடிப்படைப் படிப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரியை பார் கவுன்சில் விதி ஏற்பதில்லை. எனவே ஓதும் காலத்திலேயே பள்ளிப் படிப்பையும் விடாமல் முடியுங்கள். முடித்துவிட்டால் உங்களிடம் இருக்கும் அரபியும் ஃபராயிழும் மற்ற மாணவர்களிடம் இல்லாத பலம். வளைகுடா நீதிமன்றத் தீர்ப்பை மூலமொழியில் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் நம் மாவட்டங்களில் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

பெற்றோர்கள் "இதில் சம்பாத்தியம் உண்டா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆரம்ப வருடங்களில் வருமானம் குறைவு, சீனியரிடம் பொறுமையாக வேலை கற்க வேண்டும். இங்கே படித்துவிட்டு வெளிநாட்டு நீதிமன்றத்தில் போய் நேரடியாக வாதாடிவிட முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் அதற்கான விதிகள் உண்டு. ஆனால் கம்பெனிகளின் சட்டப் பிரிவு, ஏற்றுமதி வியாபாரம், சமரச மன்றங்கள், கல்லூரி ஆசிரியர் பணி, நம் உயர் நீதிமன்றம் என்று இடங்கள் இருக்கின்றன. பெண் பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்புங்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சகோதரி தன் மஹர், தலாக், குலா விஷயத்தை இன்னொரு பெண்ணிடம்தான் கூச்சமின்றி முழுமையாகச் சொல்ல முடியும்.

படித்துவிட்டு வருவதற்கு வருடங்கள் ஆகும். அதுவரை ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியது இருக்கிறது. நிக்காஹ் பதிவின் நகல், பாஸ்போர்ட், வெளிநாட்டு பேங்க் கணக்கு விவரம், வேலை ஒப்பந்தம், சொத்துப் பத்திரம் ஆகியவற்றின் பிரதியை வீட்டில் இருக்கும் மனைவியிடமோ பெற்றோரிடமோ கொடுத்து வையுங்கள். கடன் இருந்தால் எழுதி வையுங்கள். வஸிய்யத் எழுதுவதை மவுத்துக்கு அழைப்பு என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். ஜமாஅத் நிர்வாகிகள் நிக்காஹ் பதிவேட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். ஒரு எழுத்து மாறினால் அந்நிய நாட்டு அலுவலகத்தில் அவர் வேறு ஆள் ஆகிவிடுவார்.

இந்த வருடம் விண்ணப்பத்தில் சட்டம் என்று எழுதும் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்க நம் நிர்வாகக் குழுவிடம் நான் கேட்கப்போகிறேன். ஊருக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று ஆசைப்பட்டோம், அல்லாஹ் கொடுத்தான். ஊருக்கு ஒரு சட்ட அறிஞரும் வேண்டும் என்று துஆச் செய்வோம். கடல் தாண்டி உழைத்து மரணித்தவரின் ஹக்கு அவருடைய யத்தீம் பிள்ளைகளுக்குக் குறைவின்றி வந்து சேர, நம் பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் காரணமாக்குவானாக. ஆமீன்.